வேஷ்டி தெரிகிறது, எண்ணெய் தெரியாதா?

அடையாறு வாசகர் ஒருவர் நறுக்கென்று கேட்டிருக்கிறார்: "செல்போன் மேப்பில் என் வீட்டு மொட்டை மாடியில் காயும் வேஷ்டிகூடத் தெரிகிறது. எண்ணூரில் எண்ணெய் கொட்டினால் மட்டும் சாட்டிலைட்டுக்குத் தெரியாதாமா?"

தெரியும் சார். முதலில் வேஷ்டி. அது இன்றைக்குக் காய்கிற வேஷ்டி இல்லை. மேப்பில் இருப்பது சில மாதமோ, சில வருஷமோ பழைய படம். இந்நேரம் அது உங்கள் வீட்டு அடுப்படியில் கரித்துணியாகியிருக்கும். எண்ணெயைப் பிடிக்கச் சுடச்சுடப் படம் வேண்டும். ராத்திரியானாலும் மேகமானாலும் வேண்டும். சாதாரண கேமராவால் முடியாது. அதனால் ரேடார்.

ஐரோப்பியர்கள் 2014 ஏப்ரலில் அனுப்பிய சென்டினல்-1 சுமார் 700 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ரேடியோ அலையைக் கீழே வீசி, திரும்பி வருவதை வாங்கிப் படமாக்கும். கடலில் சின்னச் சின்ன அலைகள் இருந்தால் கொஞ்சம் திரும்பி வரும். படத்தில் சாம்பல் நிறம். எண்ணெய் மிதந்தால் அந்தக் குட்டி அலைகள் அடங்கி, மேற்பரப்பு கண்ணாடி மாதிரி ஆகிவிடும். வீசிய அலை வேறு பக்கம் போய்விடும். படத்தில் கறுப்புத் திட்டு.

எண்ணெய் அலையை அடக்கும் என்பது பழைய சமாசாரம். மின்னல் புகழ் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், லண்டனில் ஒரு குளத்தில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டுப் பார்த்து 1774-ல் எழுதினார். சுமார் அரை ஏக்கர் தண்ணீர் அமைதியாகிவிட்டதாம். அரை ஏக்கர் என்றால் நம்ம கணக்கில் ஒன்பது கிரவுண்டு. ஒரு டீஸ்பூனுக்கு!

இப்போது டேங்கர் கணக்குக்கு வருவோம். 2017 ஜனவரி 28 விடிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே டான் காஞ்சிபுரம், பி.டபிள்யூ. மேப்பிள் என்று இரண்டு கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றுதான் முதலில் அறிக்கை வந்தது. எண்ணெய் அறிக்கை படிப்பதில்லை. அது பாட்டுக்கு எர்ணாவூர் கரையில் தார் மாதிரி ஒதுங்கியது. தெற்கே மெரினா, திருவான்மியூர் என்று இறங்கியது. மீனவர்களும் மாணவர்களும் கடலோரக் காவல் படையும் பக்கெட்டில் அள்ளினார்கள். ராக்கெட் விடுகிற தேசத்தில் பக்கெட்டா என்று ஊரே கேலி பேசியது. அந்தப் படலம் சென்டினல் ரேடார் படங்களில் பதிவாகியிருந்தது. ஹைதராபாத் இன்காய்ஸ் விஞ்ஞானிகள் எண்ணெய் எந்தப் பக்கம் நகரும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள்.

அப்படியானால் பிரச்னை தீர்ந்ததா? இல்லை. கறுப்பெல்லாம் எண்ணெய் இல்லை. காற்று படுத்துவிட்டால் கடல் தானாகவே கறுப்பாகத் தெரியும். பாசி மண்டினாலும் அப்படித்தான். காற்று ரொம்ப பலமாக அடித்தால் எண்ணெய் தண்ணீரோடு கலந்து திட்டே காணாமல் போகும். தவிர, ஒரு சாட்டிலைட் அதே பாதைக்குத் திரும்பிவர 12 நாள் ஆகும்.

கடலிலேயே இந்தப் பாடு. காட்டுக்குள் எண்ணெய் புகுந்தால்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலையாறு வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. மயிலாப்பூரில் பறக்கும் ரயிலுக்குக் கீழே மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிறோமே, அந்தக் கால்வாயின் வடக்குத் துண்டுதான். சி.பி.சி.எல். ஆலையில் மழைநீர் நிர்வாகம் சரியில்லாததே காரணம் என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். எண்ணெய் போய் அப்பிக்கொண்டது அலையாத்தி மரங்களில். அந்த மரம் சேற்றுக்கு மேலே பென்சில் மாதிரி வேரை நீட்டி மூச்சு விடுகிற ஜாதி. வேரில் எண்ணெய் பூசினால் மூக்கில் தார் பூசின மாதிரி.

இதை மேலேயிருந்து பார்ப்பது கஷ்டம். புயல் மேகம் கேமராவை மறைக்கும். ரேடார் மேகத்தைத் தாண்டும்; ஆனால் முகத்துவாரத் தண்ணீர் சும்மாவே அலையில்லாமல் கிடப்பதால் எண்ணெயும் தண்ணீரும் கிட்டத்தட்ட ஒரே கறுப்பு. இலைக் கூரைக்கு அடியில் சுத்தமாகத் தெரியாது.

அதனால் விஞ்ஞானிகள் எண்ணெயை விட்டுவிட்டு இலையைப் பார்க்கிறார்கள். ஆரோக்கியமான இலை, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை நிறையத் திருப்பி அனுப்பும், சிவப்பைத் தின்றுவிடும். மரத்துக்கு உடம்பு சரியில்லாவிட்டால் இந்த விகிதம் மாறும். சென்டினல்-2 இதை 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரங்களாகப் படம் பிடிக்கிறது. அதாவது அரை கிரவுண்டுக்கும் குறைவு. தி.நகரில் அந்த இடம் என்ன விலை என்று கேட்காதீர்கள். நைஜீரியாவின் நைஜர் டெல்டா காடுகளில் எண்ணெய் குழாய் ஒழுகியதை இப்படித்தான் தேடுகிறார்கள். அங்கே ஓகோனி பகுதியைச் சுத்தம் செய்து மீட்க 25 முதல் 30 வருஷம் ஆகலாம் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2011-ல் சொன்னது.

இதில் ஒரு சங்கடம் கவனித்தீர்களா? மரம் வாடின பிறகுதான் படத்தில் தெரியும். நாடி விழுந்த பிறகு வருகிற டாக்டர் மாதிரி. எண்ணூர் மீனவருக்கு மூக்கே போதும். முதல் நாளே தெரிந்துவிடும். ஆனால் அவர் சொன்னால் "நிரூபணம் எங்கே?" என்பார்கள். சாட்டிலைட்டிடம் நிரூபணம் இருக்கும், நேரம் இருக்காது. மூக்கையும் படத்தையும் ஒரே மேஜையில் உட்கார வைக்க ஆள்தான் வேண்டும்.

சென்டினல் படங்கள் எல்லாருக்கும் இலவசம். கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிற அதே ஆபீஸ் கம்ப்யூட்டரில் மாதம் ஒரு முறை எண்ணூர் அலையாத்திக் காட்டின் படத்தை இறக்கி, போன மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பச்சை குறைந்திருந்தால் தேதியோடு எழுதிப் போடுங்கள். மானேஜர் பின்னால் வந்து நின்றால், "எண்ணெய் பார்க்கிறேன் சார்" என்று சொல்லுங்கள். அவர் தலைக்கு என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்.