போத்தலில் எழுதியிருப்பதா, போத்தலுக்குள் இருப்பதா?



கொஞ்சம் நீளமான பதிவு. மூலிகைச் சரக்கு வாங்குகிறவர்கள், விற்கிறவர்கள், அரைத்துப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறவர்கள் எல்லோரும் கடைசி வரை வாசியுங்கள்.

"சுத்தமான மூலிகை, பக்கவிளைவு இல்லை." இந்த வசனம் இல்லாத நாளே நம் ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் இல்லை. சீனி வருத்தத்துக்கு ஒரு தூள், மூட்டு வலிக்கு ஒரு தூள், உடம்பு மெலிய ஒரு தூள். ஓடர் பண்ணினால் வீட்டு வாசலுக்கே வருகிறது. போத்தலில் மூலிகையின் பெயர் இருக்கிறது, படம் இருக்கிறது, விலையும் இருக்கிறது. உள்ளே இருப்பது அந்த மூலிகைதான் என்பதற்கு என்ன ஆதாரம்? விற்பவரின் வாய்வார்த்தை மட்டும்தான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் நாட்டு வைத்தியத்துக்கோ யூனானிக்கோ எதிரானவன் இல்லை. தடிமன் காய்ச்சல் வந்தால் கொத்தமல்லியும் வெனிவெல்லும் அவித்துக் குடித்து வளர்ந்தவன்தான் நானும். மூலிகையை நம்புவது வேறு, மூலிகையின் பெயரை நம்புவது வேறு. இந்த இரண்டையும் நாம் ஒன்றாக்கி வைத்திருக்கிறோம்.

பெயர் எப்படி ஏமாற்றும் என்பதற்கு நம் குசினியிலேயே உதாரணம் இருக்கிறது. குடிநீர்ச் சரக்கில் சேர்க்கிற பற்படாகத்தை எடுங்கள். இந்த ஒரே பெயரில் இடத்துக்கு இடம் வேறு வேறு செடிகள் விற்கப்படுகின்றன. வட இந்தியாவில் பர்ப்படம் என்றால் யூனானியில் ஷாஹ்தரா என்று சொல்லும் செடி. நம் பக்கத்தில் அந்தப் பெயருக்கு வருவது வேறு செடி. காய்ந்து நொறுங்கிய பிறகு எது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல அனுபவசாலிக்கே கஷ்டம். தூளாக்கிவிட்டால் யாராலும் முடியாது.

"மாறினால் என்ன, அதுவும் மூலிகைதானே" என்று சிலர் கேட்பார்கள். பெல்ஜியத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 1990களின் தொடக்கத்தில் பிரசல்ஸ் நகரில் உடம்பு மெலிவதற்காகப் பெண்களுக்குச் சீன மூலிகை கலந்த வில்லைகள் கொடுத்தார்கள். அதில் ஸ்டெபானியா என்ற செடி இருக்க வேண்டும். சீனப் பெயர்கள் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால் அதன் இடத்தில் அரிஸ்டோலோக்கியா என்ற வேறொரு செடியின் வேர் வந்துவிட்டது. அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். சுமார் 100 பேருக்குச் சிறுநீரகம் பழுதானது. பலருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைக்க வேண்டி வந்தது. அங்கே வேண்டுமென்றே யாரும் நஞ்சு கலக்கவில்லை. ஒரு பெயர் மாறியது, அவ்வளவுதான். அரிஸ்டோலோக்கியா இனத்துச் செடிகள் நம் நாட்டிலும் உண்டு. ஈச்சுரமூலி அதில் ஒன்று.

இந்த அமிலம் மூலிகையில் இருக்கிறதா என்று பார்க்க ஐரோப்பிய மருந்துநூல் சொல்லும் சோதனைகளில் ஒன்று மென்படை நிறப்பகுப்பியல். ஆங்கிலச் சுருக்கத்தில் டீ.எல்.சி. பெயர் பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். சாதாரண தரத்து விஞ்ஞானத்தில் கலவைகளைப் பிரிக்கும் பாடத்தில் நம் பிள்ளைகள் படிக்கிற நிறப்பகுப்பியலின் தம்பிதான் இது.

வகுப்பில் நான் இதைச் சோக்குக் கட்டியில் காட்டுவது வழக்கம். கீரையைக் கசக்கிச் சாறெடுத்துச் சோக்கின் அடிப்பக்கத்தில் ஒரு கோடு போடுவோம். கொஞ்சம் மதுசாரத்தில் சோக்கை நிறுத்தி வைத்தால், திரவம் ஏற ஏற ஒரே பச்சையாக இருந்தது பச்சையாகவும் மஞ்சளாகவும் பிரியும். பிள்ளைகள் "சேர், உள்ளுக்கு மஞ்சளும் இருந்ததா!" என்பார்கள். இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

டீ.எல்.சி.யில் சோக்குக் கட்டிக்குப் பதிலாக, அலுமினியத் தகட்டிலோ கண்ணாடியிலோ மெல்லியதாகப் பூசிய சிலிக்கா ஜெல். மூலிகைத் தூளை மெதனோலில் குலுக்கி வடிகட்டி, தலைமயிர் போன்ற மெல்லிய குழாயால் தகட்டின் அடியில் ஒரு புள்ளி வைப்பார்கள். மூடிய ஜாடிக்குள் கொஞ்சம் கரைப்பான் ஊற்றித் தகட்டை நிறுத்துவார்கள். கரைப்பான் மேலே ஏறும்போது மூலிகையிலுள்ள சேர்வைகளையும் இழுத்துக்கொண்டு போகும். சிலிக்காவைப் பலமாகப் பிடித்துக்கொள்ளும் சேர்வை கீழேயே நிற்கும். பிடி தளர்ந்தது மேலே போய்விடும். சிலவற்றை வெறுங்கண்ணால் பார்க்கலாம். மற்றவற்றுக்கு, கடைகளில் காசு நோட்டைப் பார்க்கிற மாதிரியான ஊதா விளக்கு வேண்டும், அல்லது நிறம் காட்டும் ஒரு மருந்தைத் தெளிக்க வேண்டும்.

மஞ்சள் தூளை எடுங்கள். குளோரோபோம் 95 பங்கு, மெதனோல் 5 பங்கு கலந்த கரைப்பானில் ஓட்டினால் மஞ்சள் நிறத்தில் மூன்று புள்ளிகள் வரிசையாக வரும். மேலே நிற்பது குர்குமின். அதற்குக் கீழே அதன் உறவுச் சேர்வைகள் இரண்டு. இந்த மூன்றும்தான் மஞ்சளின் கையொப்பம். மெட்டானில் யெலோ போன்ற சாயத்தைக் கலந்திருந்தால் அது இந்த வரிசைக்குள் வராது, அடியிலேயே தங்கித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். மாவைக் கலந்திருந்தால்? மாவு புள்ளி காட்டாது. ஆனால் சரியாக நிறுத்து, நல்ல மஞ்சளைப் பக்கத்திலேயே வைத்து ஓட்டினால் கலப்பட மஞ்சளின் மூன்று புள்ளிகளும் வெளிறித் தெரியும். 2020இல் மஞ்சள் இறக்குமதி நின்று, ஒரு கிலோ ஆயிரக் கணக்கில் விற்றதே, ஞாபகம் இருக்கிறதா? மஞ்சள் என்ற பெயரில் என்னென்ன தூளெல்லாம் நம் கறிச்சட்டிக்குள் போனதோ, அல்லாஹ்தான் அறிவான்.

"வெள்ளைக்காரனின் கருவியால் எங்கள் மருந்தை அளக்காதே" என்றும் ஒரு கதை உண்டு. வரலாறு அப்படி இல்லை. 1938இல் உக்ரேனின் கார்கிவ் நகரில் இஸ்மாயிலோவ், ஷ்ரைபர் என்ற இருவர் இந்த முறையை முதலில் செய்து பார்த்ததே மூலிகைச் சாறுகளைச் சோதிப்பதற்காகத்தான். பிறகு 1950களில் ஜெர்மனியின் எகொன் ஸ்டால் இதை ஒழுங்குபடுத்திப் பரப்பினார். அவரும் மருந்தியல்காரர்தான். இன்று இந்திய ஆயுர்வேத, யூனானி மருந்துநூல்களிலேயே மூலிகைகளுக்கு டீ.எல்.சி. அடையாளம் எழுதப்பட்டிருக்கிறது.

அதற்கும் முன்னால் போனால் நம் பாரம்பரியமே வந்து நிற்கும். இப்னு ஸீனா தன் கானூனின் இரண்டாம் நூலில் மருந்தைச் சோதிக்க 7 நிபந்தனைகள் வைத்தார். முதலாவதே, மருந்தில் வெளியிலிருந்து வந்த தன்மை எதுவும் சேர்ந்திருக்கக் கூடாது என்பதுதான். 12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் அஷ்-ஷைஸரி எழுதிய ஹிஸ்பா நூலில், மருந்துக் கடைக்காரர்கள் செய்யும் கலப்படங்களையும் அவற்றைக் கண்டுபிடிக்கும் வழிகளையும் விவரிக்கத் தனிப் பகுதியே இருக்கிறது. சந்தையைச் சோதிக்கும் முஹ்தஸிபின் கைநூல் அது. அந்த மரபின் வாரிசுகள் என்று பெருமை பேசும் நாம், சோதனை என்றதும் ஏன் கோபப்படுகிறோம்?

டீ.எல்.சி. எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நான் சொல்லவில்லை. உள்ளே இருப்பது என்ன செடி என்பதைத்தான் அது சொல்லும், அது நோயைக் குணமாக்குமா என்று சொல்லாது. ஈயம் போன்ற உலோகங்களையும் அது காட்டாது. அதற்கு வேறு சோதனை வேண்டும். ஒரே ஒரு புள்ளியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. வெனிவெல்லை மஞ்சளாக்கும் பெர்பெரின், இந்தியாவில் தாருஹரித்ரா என்று விற்கும் இன்னொரு செடியிலும் உண்டு. ஊதா விளக்கில் இரண்டும் ஒரே மஞ்சளாகத்தான் மின்னும். முழு வரிசையையும் உண்மையான மூலிகையோடு ஒப்பிட்டால்தான் வித்தியாசம் பிடிபடும். ஆகவே இது முதல் வாசல் மட்டும்தான். முதல் வாசலிலேயே தோற்கும் தூளை அடுத்த வாசலுக்கு அனுப்பத் தேவையில்லை.

இன்னொன்று, இதுதான் எனக்கு அதிகப் பயம். மூட்டுவலித் தூளில் ஸ்டீரொயிட், சீனி வருத்தத் தூளில் ஆங்கில மருந்து, ஆண்களுக்கான "மூலிகை" வில்லையில் சில்டெனாபில். இப்படிக் கலந்து விற்றவை பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. தூளைக் குடித்ததும் வலி பறந்துவிட்டது என்று நாம் மற்றவருக்கும் சொல்வோம். ஆனால் கிளினிக்கில் கொடுத்த மெட்போர்மினோடு தெரியாமல் இன்னொரு சீனிக் குளிசையும் சேர்ந்தால், சீனி இறங்கி நடு இரவில் மயங்கி விழுவது நம் உம்மா, வாப்பாதான். இந்த மாதிரிக் கலப்பையும் டீ.எல்.சி. பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

என்ன செய்யலாம்? மூன்று விடயம் சொல்கிறேன்.

ஒன்று, வாங்குகிறவர்கள் கேளுங்கள். "எந்தச் செடி, எந்தப் பகுதி, எங்கே சோதித்தீர்கள்?" பதில் சொல்ல முடியாதவரிடம் மருந்து வாங்க வேண்டாம். தூளாக வாங்குவதைவிட வேராக, பட்டையாக, விதையாக வாங்குங்கள். வீட்டில் அரைத்துக்கொள்ளலாம்.

இரண்டு, ஊரிலுள்ள யூனானி, சித்த வைத்தியர்களும் சரக்குக் கடைக்காரர்களும் ஒன்றுசேருங்கள். மொத்தமாக எடுக்கும் சரக்கில் ஒரு மாதிரியைச் சோதனைக்கு அனுப்பலாம். நாவின்னயில் ஆயுர்வேத ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. தனி ஆளுக்குச் செலவு பாரமாகலாம். பத்துப் பேர் பகிர்ந்தால் பாரமில்லை. சோதித்த கடை என்று பெயரெடுத்தால் வியாபாரமும் கூடும். நேர்மையான வைத்தியருக்கு இது பாதுகாப்பு. போலிகளால் இன்று முதலில் கெடுவது அவருடைய பெயர்தான்.

மூன்று, பாடசாலைகள். 20க்கு 20 சென்ரிமீற்றர் அலுமினியத் தகடு ஒன்றை வெட்டினால் வகுப்புக்குப் போதுமான 32 சிறு துண்டுகள் கிடைக்கும். குளோரோபோமைத் திறந்த வகுப்பறையில் பாவிக்கக் கூடாது. அதன் ஆவி நஞ்சு. உயர்தர ஆய்வுகூடத்தில், ஆவிபோக்கி உள்ள இடத்தில், ஆசிரியர் முன்னிலையில் மட்டும் செய்யலாம். சின்னப் பிள்ளைகளுக்குச் சோக்கும் கீரையும் போதும். பழைய மாணவர் சங்கங்கள் வாசல் வளைவு கட்டுகிற காசில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினால், ஆய்வுகூட அலுமாரி நிறையும். நம் ஊர்ச் சரக்குகளின் புள்ளி வரிசைகளை நம் பிள்ளைகளே படமெடுத்து ஓர் அல்பம் சேர்க்கலாம். பரீட்சைக்குப் பிறகும் பயன்படுகிற விஞ்ஞானம் அது.

அளவையிலும் நிறுவையிலும் மோசடி கூடாது என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு வருகிறோம். தராசு சரியாக நின்றும் தட்டில் இருப்பது வேறு பொருளாக இருந்தால், அதுவும் மோசடிதானே?

உங்கள் ஊரில் சோதித்து விற்கிற வைத்தியரோ கடையோ இருந்தால் கொமெண்டில் எழுதுங்கள், நாலு பேருக்குப் பயன்படும். கெட்ட அனுபவம் இருந்தால் பெயர் குறிப்பிடாமல் இன்பொக்ஸில் சொல்லுங்கள். வைத்தியர்கள் யாராவது நான் சொன்னதில் மாறுபட்டால் தாராளமாக மறுக்கலாம், அதையும் எல்லோரும் வாசிக்கட்டும்.