ரிப்பன் மாளிகைக்கு என்ன வாசனை?

குட்டீஸ்! ரோஜா வாசனை, மல்லிகை வாசனை எல்லாம் வீசும் மெழுகுவர்த்திகளைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். வெளிநாடுகளில் சிலர் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். ஊரில் உள்ள பழைய அரசுக் கட்டடங்களின் பெயரிலேயே வாசனை மெழுகுவர்த்தி! கண்ணாடிக் குவளை, அதன் மேல் கட்டடத்தின் படம், உள்ளே சோயா மெழுகு.

சோயா மெழுகு என்றதும் மிரள வேண்டாம். சோயா எண்ணெயில் ஹைட்ரஜன் வாயுவைச் சேர்த்தால் அது கெட்டியாகிவிடும். வனஸ்பதி தயாரிப்பதும் கிட்டத்தட்ட இதே வழியில்தான். கரன்ட் போனால் நாம் ஏற்றும் சாதாரண மெழுகுவர்த்தி பாரஃபினால் ஆனது; அது பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. சோயா மெழுகு சுமார் 50 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அதனால்தான் குவளைக்குள் ஊற்றி விற்கிறார்கள். (சித்திரை மாதம், அம்பத்தூரில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் அது என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள்!)

நம் சென்னையிலும் இப்படி ஒன்று வந்தால்? தாராளமாக வரட்டும். ஆனால், டப்பாவின் மேல் ரிப்பன் மாளிகை படத்தைப் போட்டுவிட்டு, உள்ளே லாவெண்டர் வாசனையை ஊற்றி நம்மை ஏமாற்றக் கூடாது. அந்தக் கட்டடத்தின் சொந்த வாசனைதான் அதில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

"ரிப்பன் மாளிகை எங்கேயோ சென்ட்ரல் பக்கம் இருக்கிறது, எங்களுக்கு என்ன?" என்று கேட்காதீர்கள், அம்பத்தூர் வாண்டுகளே! 2011-ல் உங்கள் ஊர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. 1913-ல் திறக்கப்பட்ட அந்த வெள்ளை மாளிகைதான் உங்கள் தெருவிளக்குக்கும் குப்பை வண்டிக்கும் தலைமை அலுவலகம். பூந்தமல்லி நெடுஞ்சாலையும் அதன் வாசல் வழியாகத்தான் போகிறது.

சரி, கட்டடத்துக்கு ஏது சொந்த வாசனை? இருக்கிறது. சேப்பாக்கம் அரண்மனையை எடுத்துக்கொள்ளுங்கள். 1768-ல் ஆற்காடு நவாபுக்காகக் கட்டியது. பிறகு அரசு அலுவலகங்கள் அங்கே வந்தன. 2012 ஜனவரியில் அதன் ஒரு பகுதியான கலச மகாலில் தீப்பிடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரையே கொடுத்தார். கூரை போனது, சுவர்கள் கருகின. இடித்துத் தள்ளிவிட்டு புதிதாகக் கட்டியிருக்கலாம். பொதுப்பணித் துறையினர் அப்படிச் செய்யவில்லை. பழைய முறைப்படியே சுண்ணாம்பையும் மணலையும் எடுத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை விட்டு அரைத்துப் பூசினார்கள். அந்தத் தண்ணீர் நாள்கணக்கில் ஊறிப் புளிக்கும்போது எழும் மணம் இருக்கிறதே, அதுதான் நம் பழைய கட்டடங்கள் பிறந்தபோது வீசிய மணம்!

சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமென்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு சுவரைக் கெடுக்கும். அவசரத்துக்கு சிமென்ட் பூசிக் கெடுத்த கட்டடங்கள் ஏராளம். கட்டடம் போனால் படமாவது மிஞ்சும். வாசனை? அதை எந்தக் கேமராவாலும் பிடித்து வைக்க முடியாதே!

லண்டனில் இதை ஒரு வேலையாகவே எடுத்துச் செய்தார்கள். புனித பவுல் பேராலயத்தின் பழைய நூலகத்தில் வீசும் வாசனையை ஆராய்ந்து, 2017-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வந்தவர்களை மோந்து பார்க்கச் சொன்னபோது, மர வாசனை, புகை வாசனை, வெனிலா வாசனை என்றெல்லாம் சொன்னார்களாம். பழைய தாள் மெல்ல மெல்லச் சிதையும்போது வெனிலாவில் உள்ள அதே பொருள் வெளிவருவது உண்மைதான். நம் எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896-ல் திறந்தது. அங்கே யாராவது இப்படி மூக்கை நீட்டிப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

நம் ஊரில் மெழுகுவர்த்தி செய்பவர்களுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். பூந்தமல்லியில் பார்வையற்ற மாணவர்களுக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. எந்த வாசனை சரி, எது டூப்ளிகேட் என்று தேர்ந்தெடுக்கும் குழுவில் அந்த மாணவர்களை உட்கார வையுங்கள். நாம் கட்டடத்தைப் பார்த்ததோடு நின்றுவிடுகிறோம். அவர்கள் ஓசையாலும் தொடுகையாலும் வாசனையாலும் ஓர் இடத்தைத் தெரிந்துகொள்கிறார்கள். அதோடு, விற்ற காசில் ஒரு பங்கு அந்தக் கட்டடத்தின் சுண்ணாம்புக்கும் கடுக்காய்க்கும் போய்ச் சேர வேண்டும். படம் மட்டும் அவர்களுக்கு, விரிசல் மட்டும் கட்டடத்துக்கு என்றால் எப்படி?

நீங்களும் உங்கள் தெருப் பக்கம் உள்ள பழைய தபால் ஆபீஸ், பத்திரப் பதிவு அலுவலகம், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் ஒருமுறை மோந்து பாருங்கள். பார்சலுக்கு முத்திரை வைக்க உருக்கிய அரக்கு எப்படி மணக்கும் என்று தாத்தாவிடம் கேளுங்கள். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை பெயின்ட் அடிப்பதற்குள் செய்துவிடுங்கள்!

ஆவடிக்கும் ஒரு மெழுகுவர்த்தி வேண்டுமல்லவா? 1965-ல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பிய கனரக வாகனத் தொழிற்சாலைக்கு, இரும்பும் கிரீஸும் கலந்த வாசனை போதும். "ஐயே, அதை யார் வாங்குவார்கள்?" என்கிறீர்களா? அங்கே முப்பது வருடம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்ற தாத்தாக்கள் வரிசையில் நிற்பார்கள், பாருங்கள்!