பாட்டு பீரியடும் வாராக்கடனும்

ஒரு பள்ளிக்கூடத்தில் எத்தனை மன்றங்கள் இருக்கின்றன என்று தெரிய வேண்டுமானால், ஆண்டு விழாவில் தலைமை ஆசிரியர் வாசிக்கும் ஆண்டறிக்கையைக் கேட்க வேண்டும். தமிழ் இலக்கிய மன்றம், கணித மன்றம், அறிவியல் மன்றம், நுகர்வோர் மன்றம், பசுமைப்படை, ஜே.ஆர்.சி., சாரணர், என்.எஸ்.எஸ்., என்.சி.சி. என்று அவர் மூச்சு விடாமல் அடுக்குகிறபோது, 'அடடா, இத்தனைக்கும் நடுவில் பிள்ளைகள் எப்போதுதான் பாடம் படிக்கிறார்கள்?' என்று கவலையே வந்துவிடும். கவலைப்பட வேண்டாம். இதில் பாதி மன்றங்கள் வருஷத்துக்கு இரண்டு தடவைதான் கூடும். ஜூலையில் துவக்க விழா, பிப்ரவரியில் நிறைவு விழா. துவங்கியது எது, நிறைந்தது எது என்று செயலாளரையே கேட்டாலும் திருதிருவென்று விழிப்பார்.

செயலாளர் யார் என்கிறீர்கள்? வகுப்பில் முதல் ராங்க் வாங்குகிற பிள்ளைதான். கையெழுத்து நன்றாக இருந்தால் துணைச் செயலாளர். குரல் மட்டும் நன்றாக இருந்தால் நன்றியுரை. நன்றியுரைக்கென்றே பிறந்த பையன் ஒருவன் எல்லாப் பள்ளியிலும் இருப்பான். கூட்டம் கலைந்து, நாற்காலி அடுக்குகிற சத்தத்துக்கு நடுவில், மைக் செட்காரர் வரைக்கும் ஒருவர் விடாமல் நன்றி சொல்லிக்கொண்டிருப்பான். மைக் செட்காரரோ ஒயரைச் சுருட்ட ஆரம்பித்திருப்பார்.

நான் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கோடு போட்டு, இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு என்று எழுதிப் பார்க்கிற புத்தி. இந்தப் புத்தியோடு பள்ளி டைம்டேபிளைப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். பாட்டு, ஓவியம், பி.டி. பீரியட்கள்தான் அங்கே கடன் கொடுக்கும் வங்கி. வாடிக்கையாளர், கணக்கு வாத்தியார்.

"சார், போர்ஷன் முடியல. இன்னிக்கு ஒரு நாள் மட்டும்..." என்று கேட்டு வாங்கிப் போவார். வட்டி கிடையாது. அசலும் திரும்பாது. நாங்கள் கல்லூரியில் இதற்கு 'வாராக்கடன்' என்று பெயர் படித்தோம். மார்ச்சில் ஒதுக்கு எழுதிவிட வேண்டியதுதான். அத்தனை கணக்கு போடத் தெரிந்தவருக்கு வாங்கின பீரியட் கணக்கு மட்டும் எப்படி மறக்கிறதோ!

பாட்டு வாத்தியார் ஏன் வாயைத் திறப்பதில்லை என்று கேட்கலாம். அவர் நிலைமை அப்படி. 2012-ல் தமிழக அரசுப் பள்ளிகளில் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி போன்றவற்றுக்காக 16,549 பேரைப் பகுதி நேர ஆசிரியர்களாக எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. மாதம் 5,000 ரூபாய். அது மெல்ல மெல்ல ஏறி 2024-ல் 12,500-க்கு வந்தது. மே மாதச் சம்பளத்துக்காக இவர்கள் கொடி பிடிக்காத வருஷம் கிடையாது. அரை நாள் வேலைக்காரர், முழு நாள் கணக்கு வாத்தியாரிடம் என்னத்தைப் பேசுவார்?

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். 2022-ல் அரசுப் பள்ளிகளுக்குக் கலைத்திருவிழா என்று ஆரம்பித்தார்கள். பள்ளியில் ஜெயித்து, வட்டாரம், மாவட்டம் தாண்டி மாநிலம் வரை போகலாம். கலையரசன், கலையரசி பட்டங்கள் உண்டு. அதே வருஷம் வானவில் மன்றமும் வந்தது. ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கிற பிள்ளைகள் கையால் சோதனை செய்து அறிவியலும் கணக்கும் கற்றுக்கொள்ள. கிராமத்துப் பிள்ளைகள் பறையும் தவிலும் கையுமாக மேடை ஏறியதைப் பார்த்தவர்கள் லேசில் மறக்க மாட்டார்கள்.

ஆனால் எனக்குப் பள்ளிக்கூடம் என்றால் பேண்ட்தான். தமிழ்நாட்டுக்கும் பேண்டுக்கும் உள்ள பழக்கம் இன்று நேற்று வந்ததில்லை. முத்துசுவாமி தீட்சிதரே புனித ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரன் பேண்டைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற மெட்டும் அதில் அகப்பட்டுக்கொண்டது. நோட்டு ஸ்வரம் என்று இன்றைக்கும் பாட்டு கிளாஸில் குழந்தைகள் பாடுகிறார்களே, அவைதான்.

பள்ளி பேண்டில் பியூகிள் என்று ஒன்று இருக்கும். அதில் பொத்தானும் கிடையாது, துளையும் கிடையாது. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் ஐந்தாறு ஸ்வரம் எடுக்கலாம், அவ்வளவுதான். முதல் மூன்று மாதம் அதுவும் வராது, காற்றுதான் வரும். பக்கத்து வகுப்பில் யாரோ பசு மாடு ஓட்டி வந்துவிட்டார்கள் என்று நினைப்பார்கள். சைடு டிரம்முக்குக் கை வேகம் வேண்டும். பாஸ் டிரம்முக்கு வேகம் வேண்டாம், தோளும் நிதானமும் போதும். அணிவகுப்பில் பாஸ் டிரம் 'டம்' என்றால் இடது கால் தரையில் விழ வேண்டும். நிமிஷத்துக்கு 120 எட்டு.

என் அக்கா மகன் எட்டாவதிலும் ஒன்பதாவதிலும் அந்த பாஸ் டிரம்தான் அடித்தான். படிப்பில் சுமார். ஒன்பதாவது முழுப் பரீட்சையில் கணக்கு 38. ஆனால் ஒரு நாள் என்னிடம் சொன்னான்:

"மாமா, நான் ஒரு அடி மாத்தி அடிச்சா, பின்னால வர்ற அத்தனை பேர் காலும் மாறிடும், தெரியுமா?"

"ஹெச்.எம். காலுமா?"

"அவரு கூட நடந்தா... அவரு காலும்தான்."

38 மார்க் பையன். ஒரு பள்ளிக்கூடமே அவன் கையைக் கேட்டு நடக்கிறது. இதை எந்தக் கணக்கில் எழுதுவது? கணக்குப்பதிவியலில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து உண்டு. விலை கொடுத்து வாங்கினால் ஏட்டில் எழுதலாம். தானாகச் சம்பாதித்ததை எழுதக்கூடாது என்று விதி. முதல் ராங்க் பிள்ளைக்குப் பரவாயில்லை, பிரேயரிலேயே கைதட்டு கிடைத்துவிடும். 38-க்குக் கைதட்டு கிடைக்கிற இடம் பேண்ட் ரூம் ஒன்றுதான்.

இந்த ஜூனில் பள்ளி திறந்ததும் ஒரு சர்க்குலர் வந்தது. 'பத்தாம் வகுப்பு மாணவர்கள் பேண்ட், விளையாட்டு மற்றும் மன்றச் செயல்பாடுகளிலிருந்து விடுவிக்கப்படுகிறார்கள்.' விடுவிக்கிறார்களாம்! ஏதோ பாளையங்கோட்டை ஜெயிலில் இருந்து விடுகிற மாதிரி.

அத்தானுக்கு டூட்டி. பெற்றோர் கூட்டத்துக்கு நான்தான் போனேன். போகிற முன்னால் பையனின் பள்ளி டைரியில் லீவ் லெட்டர் பக்கத்தைப் புரட்டினேன். (பி.காம். புத்தி, சும்மா இருக்காது.) போன வருஷம் மொத்தம் 21 நாள் லீவ். வயிற்று வலி 11, காய்ச்சல் 6, உறவினர் திருமணம் 4. எங்கள் குடும்பத்தில் கடைசியாக நடந்த கல்யாணம் என்னுடையது. அது ஆகி ஆறு வருஷம். அது போகட்டும். கிழமைவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். திங்கள் 9, புதன் 7, வியாழன் 5. செவ்வாய், வெள்ளியில் ஒன்றுகூட இல்லை. செவ்வாயும் வெள்ளியும் பேண்ட் பயிற்சி.

தாளைத் தலைமை ஆசிரியர் முன்னால் வைத்தேன். மனுஷர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

"நீங்க சொல்றது புரியுது சார். ஆனா ரிசல்ட் குறைஞ்சா மேல பதில் சொல்றது யாரு? இந்த பேரன்ட்ஸே நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க."

அதுவும் நிஜம். பின்னால் இருந்த ஒரு அம்மா, "பேண்டுக்கு மார்க் உண்டா சார்?" என்று கேட்டார். இல்லை என்றதும் உட்கார்ந்துவிட்டார். பதினோராம் வகுப்புக்கும் 2018-லிருந்து பொதுத்தேர்வு வைத்து, 2025-26-ல் எடுத்துவிட்டார்கள். பரீட்சையை எடுக்க ஓர் அரசாணை போதும். பேண்ட் ரூம் சாவியைத் திரும்பக் கொடுக்க எதுவும் வருவதில்லை. வாரத்தில் இரண்டு சாயங்காலம், முக்கால் மணி நேரம். அதை மிச்சம் பிடித்துக் கணக்கில் 38-ஐ 60 ஆக்கிவிடலாம் என்று எனக்கு நம்பிக்கையில்லை. அந்த வெள்ளிக்கிழமையும் வயிற்று வலி வரும் என்பதில்தான் நம்பிக்கை.

கடைசியில் காப்பாற்றியது பி.டி. சார். "சார், ஆகஸ்ட் 15-க்கு பாஸ் டிரம் தூக்க வேற ஆளு இல்ல" என்று மெதுவாகச் சொன்னார். தலைமை ஆசிரியர் யோசித்தார். எட்டாம் வகுப்பில் ஒரு பையனைப் பழக்கிவிட வேண்டியது, அதுவரை இவன் இருக்கலாம் என்று முடிவாயிற்று.

அந்த எட்டாம் வகுப்புப் பையனை நானும் பார்த்தேன். ஒல்லி. முன்னால் நின்று பார்த்தால் டிரம்மே தனியாக நடந்து வருவது மாதிரி இருக்கும். செவ்வாய், வெள்ளி சாயங்காலம் எங்கள் பயல்தான் வாத்தியார். அக்கா காபியை ஆற்றிக்கொண்டே, "இவன் ஒருத்தனுக்குச் சொல்லிக் குடுக்கானா!" என்று அதிசயப்படுகிறாள்.

நேற்று வீட்டுக்கு வந்தவன் பையைக்கூட இறக்கவில்லை.

"மாமா, அந்தப் பையனுக்கு இடது கால் வரவே மாட்டேங்குது. ஜனவரி 26 வரைக்கும் ஆகும் போலிருக்கு."

சொல்கிறவன் முகத்தில் வருத்தத்தைத் தேடிப் பார்த்தேன். பொட்டுக்கூட இல்லை.