கொட்டகைக்கு முன்னால் கொறங்காடு

இயற்கை விவசாயத்துக்கு மாறுறோம்னு சொல்லிட்டு, முதல் வேலையா கடன் வாங்கித் தகரக் கொட்டகை போடுகிறோம். சித்திரை வெயிலில் அதுக்குள்ளே மாடு இளைக்கிறது. அப்புறம் ஃபேன், கரண்ட் பில்.

காங்கயம், தாராபுரம் பக்கம் நம்ம பெரியவங்க மாட்டுக்குக் கட்டிய வீடே வேற. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, நிழலுக்கு வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப்புல். அதுதான் கொறங்காடு. வெள்வேலங்காயும் தீவனம். மானாவாரி மழையே போதும். காட்டைப் பிரித்து மாற்றி மாற்றி மேய்த்தால் புல் தழைக்கும். சாணமும் மூத்திரமும் மண்ணுக்கே சேரும். காங்கயம் மாடு வளர்ந்ததே இதில்தான்.

இன்றைக்கு அந்தக் கிளுவையைப் பிடுங்கிக் கம்பிவேலி போடுகிறோம்; காட்டையே மனையாக்கி விற்கிறோம். மழைக்கு ஒதுங்க மேட்டில் ஓர் ஓலைச்சாளை போதுமுங்க. கொட்டகைக் கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன், வேலியோரம் கிளுவைப் போத்து நடுங்க.