ஓடாத காரைத் தானம் கொடுக்கலாமா?

பழைய புடவை, கைப்பிடி போன குக்கர், ஓடாத மிக்ஸி... இப்படி வீட்டில் இடத்தை அடைக்கிற எதைப் பார்த்தாலும், 'ஏதாவது ஒரு ஹோமுக்குக் குடுத்துடலாமே' என்று சொல்வது நமக்கெல்லாம் வழக்கமாகி விட்டது. இப்போது அந்த வரிசையில் காரும் சேர்ந்து விட்டது. அதைப் பற்றித் தான் என் மனதில் பட்டதைச் சொல்லப் போகிறேன். கோபப்படாமல் படியுங்கள் தோழிகளே!

சென்னைக்காரர்களுக்கு 2015 டிசம்பரும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் மறக்காது. தண்ணீரில் நின்ற கார்கள் எத்தனை! வெள்ளம் வடிந்ததும் அவசரப்பட்டு சாவியைத் திருப்பியவர்கள் பலருக்கு என்ஜினே போயிற்று. உள்ளே தண்ணீர் புகுந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தால், பிஸ்டனைத் தாங்கும் ராடு வளைந்து விடுமாம். முழு இன்ஷூரன்ஸ் இருந்தவர்கள் ஏதோ தப்பித்தனர். 'பழைய வண்டி தானே' என்று தேர்டு பார்ட்டி மட்டும் கட்டியவர்களுக்கு ஒரு பைசா வரவில்லை. அந்த இன்ஷூரன்ஸ், நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் பாதிப்புக்குத் தானே தவிர, நம் வண்டிக்கு இல்லை.

என் ஓர்ப்படி வீட்டு காரும் அப்படி மூழ்கியது தான். 11 வருஷத்து வண்டி. மெக்கானிக் ஒன்றேகால் லட்சம் கேட்டார். காயலான் கடைக்காரர், 35 ஆயிரத்துக்கு எடுத்துக் கொள்கிறேன் என்றார். 'அவ்வளவு ஆசையா வாங்கின வண்டியை உடைக்கறதுக்குக் குடுக்க மனசு வரல' என்று, புறநகரில் உள்ள ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்து விட்டார் என் கொழுந்தனார். வண்டிக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, போட்டோ எடுத்து, குடும்ப வாட்ஸ் அப் குரூப்பில் போட்டாகி விட்டது. எல்லாரும் கைகூப்பி வாழ்த்தினர். நானும் தான்.

மாமியார் திதிக்கு, அந்த இல்லத்தில் மதிய சாப்பாடு போடப் போயிருந்தேன். வேப்ப மரத்தடியில் அந்தக் கார் நின்றது. நாலு டயரும் தரையோடு தரையாக! கதவைத் திறந்தால் ஈர சீட்டின் நாற்றம் குடலைப் புரட்டியது. அடியில் கீரிப்பிள்ளை குட்டி போட்டிருப்பதாகச் சொல்லி, பாட்டிகளை அந்தப் பக்கமே விடுவதில்லை.

'இழுத்துட்டு வர்ற வண்டிக்கு நாலாயிரம், மெக்கானிக்குக்கு பதினெட்டாயிரம் ஆச்சும்மா. அப்படியும் நாலு நாள் தான் ஓடிச்சு' என்றார், இல்லத்தைக் கவனிக்கிற அம்மா. 'வேண்டாம்னு அப்பவே சொல்லியிருக்கலாமே' என்றேன். 'மாலையோட கொண்டு வந்து நிக்கறவங்க கிட்ட எப்படிம்மா சொல்றது? அடுத்த தடவை அரிசி கேட்டுப் போகணுமே' என்றார்.

அவர்களுடைய ஆபீஸ் ரூமில் ஒரு கரும்பலகை. அதில், இந்த மாதத் தேவை என்று எழுதி இருந்தது: பெரியவர்களுக்கான டயபர், சர்க்கரை மாத்திரை, பினாயில், இரண்டு வாக்கர். வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிசுக்குப் போகும் ஒரு தாத்தாவுக்கு ஆட்டோ காசு. அந்த 22 ஆயிரத்தில், இதில் எத்தனை முடிந்திருக்கும் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டபடி வந்தேன்.

இதோடு போகவில்லை. மேற்கொண்டு செலவு செய்ய முடியாமல், பாக்கிப் பணத்துக்கு ஈடாக மெக்கானிக்கிடமே வண்டியை விட்டு விட்டனர். அவர் எப்படியோ சரி செய்து ஓட்டத் தொடங்கி விட்டார். ஒரு நாள் ராத்திரி, என் ஓர்ப்படியின் மொபைலுக்கு, 'சீட் பெல்ட் அணியவில்லை, அபராதம் ஆயிரம் ரூபாய்' என்று செய்தி. இடம், விழுப்புரம் பக்கம்! பாவம், அவளுக்கு கார் ஓட்டவே தெரியாது. அப்போது தான் தெரிந்தது, ஆர்.சி.,யில் இருப்பது அவள் பெயர். வாங்கும்போது, 'உன் பேர்ல வாங்கினா ராசி' என்று வாங்கியது. கொடுக்கும்போது பெயர் மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

ஆயிரம் ரூபாய் போனால் போகிறது. அந்த வண்டி யார் மீதாவது ஏறி இருந்தால்? 2018இல் சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கில் தெளிவாகவே சொல்லி இருக்கிறது. விற்றுப் பல கை மாறிய கார் ஒன்று விபத்தில் சிக்க, 'நான் தான் எப்போதோ விற்று விட்டேனே' என்றார் முதல் சொந்தக்காரர். அது எடுபடவில்லை. ஆர்.டி.ஓ., பதிவில் யார் பெயர் இருக்கிறதோ, அவர் தான் சட்டப்படி உரிமையாளர். நஷ்டஈட்டுக்கு அவர் தான் பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. விற்றாலும் இதே கதை தான், தானம் கொடுத்தாலும் இதே கதை தான். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, ஆர்.டி.ஓ., ஆபீசில் பெயர் மாறும் வரை வண்டி நம்முடையதே. அந்த மெக்கானிக்கைத் தேடிப் பிடித்து கையெழுத்து வாங்க, ஓர்ப்படி வீட்டார் இரண்டு மாதம் அலைந்தனர்.

'அமெரிக்காவுல எல்லாரும் குடுக்கறாங்களே' என்று என் கொழுந்தனார் வாதம் செய்தார். என் மகள் அங்கே தான் இருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன், விபத்தில் நசுங்கிய தன் காரை அவளும் ஒரு தர்ம ஸ்தாபனத்துக்குக் கொடுத்தாள். அங்கே நடப்பதே வேறு. அவர்களே லாரி அனுப்பி இழுத்துப் போகின்றனர். இவளுக்கு ஒரு டாலர் செலவில்லை. அந்தக் காரை யாரும் வைத்துக் கொண்டு ஓட்டுவதும் இல்லை. நேராக ஏலத்துக்குப் போகிறது. பழுது பார்ப்பவரோ, உதிரி பாகத்துக்கு உடைப்பவரோ எடுக்கிறார். வந்த பணம் தர்மத்துக்கு.

ஒரு காலத்தில் அங்கேயும், ஓட்டை வண்டிக்கு யானை விலை சொல்லி, வருமான வரியில் கழித்தனராம். 2004இல் சட்டத்தைத் திருத்தி விட்டனர். 2005லிருந்து, ஸ்தாபனம் அதை 500 டாலருக்கு மேல் விற்றால், விற்ற தொகையை மட்டும் தான் பொதுவாகக் கழிக்கலாம். அதற்கு அவர்களே ஒரு படிவம் கொடுக்கின்றனர். வண்டியை ஸ்தாபனமே உபயோகித்தாலோ, நன்றாக ரிப்பேர் செய்தாலோ தான் வேறு கணக்கு. ஆக, அங்கே போய்ச் சேருவது பணம்; நாம் இங்கே அனுப்புவது இரும்பு!

'நல்ல மனசோட குடுத்ததைக் குறை சொல்லாதே' என்கிறார் என் கணவர். மனசு நல்லது தான், யார் இல்லை என்றது? ஆனால், ஓர்ப்படிக்கு வந்த அந்த 35 ஆயிரம் பேச்சை முடித்து, பணத்தை இல்லத்துக்குக் கொடுத்திருந்தால், தாத்தாவின் ஆட்டோவுக்குப் பல மாதம் காணும். அரசிடம் பதிவு பெற்ற வாகன உடைப்பு மையங்கள் 2021 விதிகளின்படி வந்து விட்டன. அங்கே ஒப்படைத்தால் சான்றிதழ் தருவர். அதை வைத்து ஆர்.டி.ஓ.,வில் பதிவை ரத்து செய்து விடலாம், பிறகு நம் பெயரில் யாரும் ஊர் சுற்ற முடியாது. வரிச் சலுகைக்கும் இதுவே வழி. 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய சலுகை, பொருளாகக் கொடுத்தால் கிடையாது. பழைய வரி முறையில் இருப்பவர்கள், செக்காகவோ, வங்கி மூலமாகவோ பணமாகக் கொடுத்தால் தான் உண்டு. ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் அதுவும் இல்லை.

வண்டியாகவே தான் கொடுப்பேன் என்பவர்கள், பக்கத்தில் ஐ.டி.ஐ.,யோ, ஆட்டோமொபைல் படிப்பு உள்ள பாலிடெக்னிக்கோ இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். கழற்றி மாட்டிப் பழகும் பிள்ளைகளுக்கு, ஓடாத என்ஜினே போதும். அங்கேயும் ஆர்.சி., விஷயத்தை முடித்து விட்டுத் தான் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. கணவர் பெயரில் வண்டி இருந்து, அவர் தவறி விட்டால், 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.,வுக்குத் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து நம் பெயருக்கு மாற்ற வேண்டும். அந்தத் துக்கத்தில் யாருக்கு இது நினைவு வரும்? வாசலில் நின்று துருப்பிடிக்கும் எத்தனையோ கார்களின் கதை இது தான். பெயர் மாறாமல் அதை முறைப்படி விற்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது.

— ஒரு வாசகி, தாம்பரம்