வட்டுச் சோதனையில் வேண்டுவனவும் வேண்டாதனவும்

கொச்சிக் காயலில் உள்ள வல்லார்பாடம் தீவில் 2011 பிப்ரவரியில் பன்னாட்டுக் கொள்கல முனையம் திறந்து வைக்கப்பெற்றது. அங்கு வந்திறங்கும் எஃகுப் பெட்டகங்கள் அனைத்தையும் திறந்து, உள்ளிருக்கும் சரக்கை எண்ணிப் பார்த்த பின்னரே வெளியே விடுவது என்று வைத்துக்கொண்டால், துறைமுகத்தின் வேலை ஒரே நாளில் நின்றுவிடும். ஆதலின் பெட்டகத்தின் கதவில் எண் பொறித்த முத்திரை இடப்படுகிறது. முத்திரை சிதையாமலும், அதன் எண் ஆவணத்துடன் பொருந்தியும் இருப்பின், பெட்டகம் பெரும்பாலும் திறக்கப்படாமலே செல்லும். ஐயத்திற்கு இடமானவை மட்டும் தேர்ந்தெடுத்துத் திறக்கப்படும். நம் நாட்டுச் சுங்கத்துறை இறக்குமதிச் சரக்குகளுக்கு இத்தகைய தேர்ந்தெடுத்த சோதனை முறையை 2005 முதல் கையாண்டு வருகிறது.

யாவற்றையும் எப்பொழுதும் சோதிக்க வேண்டுமா, அன்றி எதை எப்பொழுது சோதிப்பது என்று ஆய்ந்து முடிவு செய்ய வேண்டுமா என்னும் இக்கேள்வி, நம் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் உள்ள கணிப்பொறி வட்டுகளைப் பற்றியும் எழுந்துள்ளது. வட்டைப் பழுதுபார்க்கும் கருவியிலிருந்து காலங்கடந்த சோதனைகளை நீக்குவது முறையே என்பதும், நீக்கும்பொழுது அச்சோதனை செய்துவந்த கடமையை வேறொருவர் ஏற்றாக வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

வட்டில் கோப்புகள் வைக்கப்படும் ஒழுங்கைக் கோப்பு முறைமை என்கிறோம். பண்டகசாலையில் சரக்கு ஒருபுறமும், அதன் இருப்புப் பதிவேடு மற்றொருபுறமும் இருப்பதுபோல, வட்டிலும் செய்தி ஓரிடத்திலும், அது எங்குள்ளது என்ற பதிவு வேறிடத்திலும் இருக்கும். எழுதிக் கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றுபோனால் இவ்விரண்டும் முரண்படக்கூடும். ஒரே இடத்தை இரு கோப்புகள் தமதெனக் கூறும். எந்த அடைவிலும் பெயரில்லாத கோப்புகள் தோன்றும். நிரம்பிய இடம் காலி என்று குறிக்கப்பட்டிருக்கும். இம்முரண்பாடுகளைக் கண்டு திருத்துவதற்காக, யூனிக்ஸ் இயங்கு தளத்திற்கென 1970களில் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான கருவியே எஃப்எஸ்சிகே என்பது. லினக்ஸ் கணிப்பொறிகளில் பெரிதும் வழங்கும் ‘எக்ஸ்ட்’ வகைக் கோப்பு முறைமைகளுக்கு இ2எஃப்எஸ்சிகே என்னும் கருவி அதே தொழிலைச் செய்கிறது.

1993இல் வெளிவந்த எக்ஸ்ட்2 முறைமையில், வேலை நடுவில் தடைப்பட்டால் முழு வட்டையும் ஆராய்வதன்றி வேறு வழியில்லை. அன்றியும், வட்டு, கம்பி, நினைவகம் ஆகியவற்றின் மேல் முழு நம்பிக்கை வைக்க இயலாமையால், பழுது ஏதும் தோன்றாவிடினும் கட்டாயச் சோதனை ஒன்று விதிக்கப்பெற்றது. குறிப்பிட்ட எண்ணிக்கை முறை வட்டு பயன்பாட்டிற்கு ஏற்றப்பட்ட பின்போ, 180 நாட்கள் கழிந்த பின்போ, கணிப்பொறி தொடங்கும் வேளையில் முழுச் சோதனை தானே நடைபெறும். அக்காலத்துச் சிறிய வட்டுகளுக்கு அது சில நிமிட வேலை.

பின்னர் நிலைமை மாறிற்று. 2001இல் லினக்ஸ் கருவகத்தில் சேர்ந்த எக்ஸ்ட்3, கணக்குப் பிள்ளை பேரேட்டிற்கு முன் குறிப்பேட்டில் எழுதுவதைப் போன்றதொரு முறையைக் கொணர்ந்தது. செய்யப்போகும் மாற்றம் முதலில் குறிப்பேட்டில் பதியப்படும். மின்சாரம் தடைப்பட்டால், குறிப்பேட்டைப் படித்து எஞ்சிய வேலையை நொடிகளில் முடித்துவிடலாம். 2008இல் நிலைபெற்ற எக்ஸ்ட்4 இம்முறையை மேலும் வளர்த்தது. இதற்கிடையில் வட்டுகளின் கொள்ளளவு பன்மடங்கு பெருகி, முழுச் சோதனை நெடுநேரம் பிடிக்கும் வேலையாயிற்று. முடிவில், 2011இல் வெளிவந்த பதிப்பு முதல், புதிதாக அமைக்கப்படும் முறைமைகளில் காலமுறைக் கட்டாயச் சோதனை இயல்பாக விதிக்கப்படுவதில்லை. எக்ஸ்எஃப்எஸ் என்னும் மற்றொரு முறைமையில், தொடக்க வேளையில் அழைக்கப்படும் சோதனைக் கருவி யாதொன்றும் செய்யாமல் வெற்றி என்று அறிவித்துத் திரும்பிவிடும். பழுது நேர்ந்தபோது அழைப்பதற்கு வேறு கருவி உண்டு.

இம்மாற்றம் நம் போன்றோருக்கு ஏன் முக்கியம்? கேரளத்துப் பள்ளிகளில் லினக்ஸ் பல்லாண்டுகளாகப் பயிற்றுவிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர் பெற்ற கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. வகுப்பு தொடங்கும் வேளையில் முழுச் சோதனை தானே ஓடத் தொடங்கினால், காத்திருக்க இயலாத ஆசிரியர் மின் பொத்தானை அழுத்திவிடுவார். கருவி திருத்தம் எழுதிக் கொண்டிருக்கும் தருணத்தில் அவ்வாறு நேரின், காப்பதற்காக விதித்த சோதனையே சேதத்திற்குக் காரணமாகலாம்.

பொய் எச்சரிக்கையால் விளையும் தீங்கு இதனினும் பெரிது. விண்டோஸ் தளம் கணிப்பொறியின் கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கிறது. லினக்ஸ் பொதுவாக உலகப் பொது நேரத்தில் வைக்கிறது. நம் நாட்டில் இவ்விரண்டிற்கும் வேறுபாடு ஐந்தரை மணி. இரண்டு தளங்களும் உள்ள கணினியில், வட்டு கடைசியாக ஏற்றப்பட்ட நேரம் ‘எதிர்காலத்தில்’ இருப்பதாகக் கருவிக்குத் தோன்றக்கூடும். கடிகார மின்கலம் தீர்ந்து தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றாலும் இதே குழப்பம் நேரும். வட்டில் குறை ஏதும் இல்லாதபோதும், சில பழைய பதிப்புகள் இக்காரணத்திற்காகவே தொடக்கத்தை நிறுத்தி, பணியாளரின் விடைக்குக் காத்திருந்தன. இப்பொழுது 24 மணி நேரம் வரையிலான வேறுபாட்டை இ2எஃப்எஸ்சிகே இயல்பாகவே பொறுத்துக்கொள்கிறது. இது வரவேற்கத்தக்கது. அடிக்கடி பொய் எச்சரிக்கை கேட்ட பணியாளர், கேட்பதற்கெல்லாம் ‘ஆம்’ என்று விடையளிக்கப் பழகிவிடுகிறார். மெய்யான பழுது வரும் நாளிலும் அவர் கை அதே விடையையே அழுத்தும். ஓராண்டு முழுவதும் சேர்த்த கள அளவைகளோ மாணவர் மதிப்பெண்களோ அதனால் அழியக்கூடும்.

நிற்க. இதனால் சோதனைகள் யாவும் வேண்டாதன என்று கொள்ளலாகாது. குறிப்பேடு மின்தடையிலிருந்துதான் காக்கும். பழுதுற்ற நினைவகம் தவறான எண்ணைத் தந்தால், குறிப்பேடு அத்தவற்றையே உண்மையாக எழுதி வைக்கும். 2012 முதல் எக்ஸ்ட்4 முறைமையின் பதிவுகளுக்குச் சரிபார்ப்புத் தொகை சேர்க்கும் வசதி லினக்ஸில் உண்டு. இது பெட்டகத்தின் முத்திரையை ஒத்தது. பதிவு சிதைந்திருந்தால் படிக்கும்பொழுதே தெரிந்துவிடும். ஆயினும் படிக்கப்படாத பகுதியின் சிதைவு தெரியாது; கோப்பின் உள்ளடக்கத்திற்கும் இம்முத்திரை கிடையாது. எனவே கட்டாயச் சோதனை நீங்கிய இடத்தில், நாமே காலம் குறித்துச் செய்யும் சோதனை வர வேண்டும்.

ஒரு சோதனையை நீக்க முற்படுவோர் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். இது எந்தப் பழுதைப் பிடிக்க ஏற்பட்டது? அப்பழுது இன்றும் நேர்கிறதா? நேருமாயின், இனி அதைப் பிடிப்பது யார்? மூன்றுக்கும் விடை கிடைத்தால் நீக்குவதில் தயக்கம் வேண்டா. முதற்கேள்விக்கே விடை தெரியாவிடின், ‘பழையது’ என்ற ஒரே காரணத்திற்காக அதை நீக்குவது தவறு. ஆகவே ஒவ்வொரு சோதனையின் பக்கத்திலும் அது ஏன் ஏற்பட்டது என்ற குறிப்பும், நீக்கும்பொழுது ஏன் நீக்கப்பட்டது என்ற குறிப்பும் எழுதப்பெறுதல் இன்றியமையாதது.

பழைய கருவியைப் புதிய வட்டின்மேல் ஏவுவதும் அபாயமே. தான் அறியாத புதிய அமைப்பைப் பழுதென்று எண்ணித் திருத்தும் கருவி, நலமாயிருப்பதைக் கெடுத்துவிடும். இவ்விஷயத்தில் இ2எஃப்எஸ்சிகே நல்ல வழக்கத்தைக் கொண்டுள்ளது. அறியாத அமைப்பைக் கண்டால், தன்னால் இயலாது, புதிய பதிப்பைக் கொணர்க என்று கூறி விலகிவிடும். அச்செய்தியைக் கண்ட பணியாளர் வேறு குறுக்கு வழி தேடாமல் அவ்வாறே செய்தல் வேண்டும்.

கட்டாயச் சோதனை நீங்கிய பின் களப்பணியாளரும் ஆசிரியரும் ஏற்க வேண்டிய கடமைகள் சில. நீண்ட விடுமுறைக்கு முன் ஆண்டுக்கொரு முறையேனும், கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்த பின், முழுச் சோதனை நடத்துக. பயன்பாட்டில் ஏற்றப்பட்டிருக்கும் வட்டின்மேல் பழுதுபார்க்கும் கருவியை ஒருபொழுதும் ஏவற்க. முதல் ஓட்டத்தில் எதையும் எழுதாமல் குறைகளை அறிவிக்க மட்டும் பணித்து, அறிக்கையைப் படித்த பின்னரே திருத்த அனுமதி தருக. தேதி தவறியிருப்பின் கடிகார மின்கலத்தை மாற்றுக. ஆளில்லாத நிலையங்களிலுள்ள கணிப்பொறிகளுக்கு மட்டும், வேண்டுமாயின், காலமுறைச் சோதனையை மீண்டும் அமைத்துக் கொள்ளலாம். அதற்கான வசதி இன்றும் நீக்கப்படவில்லை. சோதனை நடந்த நாளையும் கண்ட குறைகளையும் நிலையத்தின் பதிவேட்டில் எழுதி வைத்தால், அடுத்து வரும் பணியாளர் அவ்வட்டை எவ்வளவு நம்பலாம் என்பதை அதைக்கொண்டே முடிவு செய்துகொள்ளலாம்.