பேய் செய்யலாம், ஆனா எந்தப் புத்தகத்தில?

ஒக்டோபர் பிறந்தால் போதும், இன்ஸ்டகிராமில ஆரோ ஒருத்தர் கத்தரிக்கோலோட ஒரு பழைய புத்தகத்துக்கு முன்னால இருப்பார். அட்டையைக் கழற்றி, தாள்களை அரைப் பூசணி வடிவத்தில வெட்டி, முதல் தாளையும் கடைசித் தாளையும் சேர்த்து ஒட்டி விரித்தால் புத்தகப் பூசணி. தாளைத் தேத்தண்ணிச் சாயத்தில தோய்த்துக் காயவைத்து, ஓரத்தை லைற்றரால கருக்கினால் சூனியக்காரியின் மந்திர ஏடு. வௌவால் வடிவத்தில வெட்டி நூலில கோர்த்தால் தோரணம். செலவே இல்லை. பார்க்கவும் வடிவாத்தான் இருக்கு.

எங்கட அன்புவழிபுரத்தில ஒக்டோபர் 31 இரவு ஆரும் வீடு வீடாப் போய் இனிப்புக் கேட்கிறதில்லை. கேட்டால் முதலில வாறது நாயாத்தான் இருக்கும். ஆனால் கம்பஸ் நிகழ்ச்சி, பிறந்தநாள் பார்ட்டி, கஃபே எண்டு அந்த அலங்காரம் மெல்ல மெல்ல இஞ்சையும் வரத்தான் போகுது. "அது எங்கட பண்பாடு இல்லை" எண்டு சண்டை பிடிக்க நான் இதை எழுதேல்லை. அயர்லாந்துப் பக்கத்துப் பழைய அறுவடைக்கால விழா ஒன்று, கிறிஸ்தவர்களின் சகல புனிதர் நாளுக்கு முந்தின இரவோட கலந்து, பிறகு கப்பலேறி அமெரிக்கா போய், அங்கே பூசணிக்காயையும் பிடித்துக்கொண்டது. பண்பாடு அப்படித்தான் பயணம் செய்யும். எங்கட கத்தோலிக்க உறவுகளும் நவம்பர் 2இல் சேமக்காலையில மெழுகுதிரி ஏற்றுகினம்தானே. செத்தவர்களை நினைக்கிற நாள் எல்லாருக்கும் தேவைப்படுது.

"புத்தகம் சரஸ்வதி, வெட்டினால் பாவம்" எண்டதும் என்ர வாதம் இல்லை. வாணி விழாவுக்குப் புத்தகத்தைக் கும்பத்தடியில வைத்துக் கும்பிடுற அதே வீட்டில இருந்துதான் பழைய பேப்பர் வாங்குறவருக்குக் கிலோ கணக்கில புத்தகம் போகுது. அதுதான் பிறகு கச்சான் சரையாக் கையில வருது. கச்சான் சுத்தினால் குற்றம் இல்லை, வௌவால் வெட்டினால் மட்டும் குற்றமா?

என்ர கேள்வி வேற. எந்தப் புத்தகத்தை வெட்டப் போறம்?

அந்த வீடியோக்களில வெட்டுப்படுறது பெரும்பாலும் லட்சக்கணக்கில அச்சான ஆங்கில நாவல், இல்லாட்டி நூலகம் கழித்துவிட்ட கலைக்களஞ்சியம். அதில ஒன்று பூசணியானால் உலகத்துக்கு நட்டமில்லை. எங்கட அலுமாரியில "பழைய புத்தகம்" எண்டு கிடக்கிறது என்ன? அப்பப்பா படித்த பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலர். கோயில் கும்பாபிஷேக மலர். இரண்டு இதழோட நின்றுபோன சிற்றிதழ். சில நூறு பிரதி மட்டும் அடித்த கவிதைத் தொகுப்பு. 31ஆம் நாளுக்குக் குடுத்த நினைவு மலர். 1983, 1990 எண்டு ஓடின ஓட்டத்திலயும், 2004 சுனாமியிலயும் திருகோணமலையில எத்தனையோ வீட்டு அலுமாரிகள் போயிட்டுது. மிச்சம் வந்தது கொஞ்சம்தான்.

இதில ஒரு பொல்லாத விசயம் இருக்கு. இந்த அலங்காரத்துக்குப் புத்தகம் தெரிவு செய்யிற அளவுகோலே மஞ்சள் நிறம்தான். அவை புதுத் தாளைப் பழசாக்கத் தேயிலைச் சாயம் பூசுகினம். எங்கட தாளுக்குச் சாயம் தேவையில்லை. அப்ப எங்கட கை முதலில போறது ஆக மஞ்சளானதில, அதாவது ஆகப் பழையதில, அதாவது வேற பிரதி இருக்கிற வாய்ப்பு ஆகக் குறைந்ததில.

கெட்ட எண்ணம் இல்லாமலே புத்தகம் அழியும். உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போன கதையை 'என் சரித்திரம்' நூலில எழுதியிருக்கிறார். பழுதாப்போன ஏடுகளை ஆகமப்படி நெய்யில தோய்த்துத் தீயில ஆகுதியாப் போட்டாச்சு எண்டு அவருக்குப் பதில் கிடைத்தது. போட்டவர்கள் பகைவர்கள் இல்லை, பக்தர்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோட ஏறக்குறைய 97,000 நூல்களை எரித்தவர்களையும் இவர்களையும் நான் ஒரே தட்டில வைக்கேல்லை. ஆனால் போன ஏடு போனதுதான். அந்த யாழ்ப்பாண நூலகமும் 1933இல் க.மு.செல்லப்பா எண்ட தனி மனிதர் தன்ர வீட்டில புத்தகம் இரவல் குடுக்கத் தொடங்கினதில இருந்து வளர்ந்ததுதான். வீட்டு அலுமாரியைக் குறைச்சு மதிக்க ஏலாது.

எங்கட ஊர்க்காரர் தி.த.சரவணமுத்துப்பிள்ளை 1895இல் எழுதின 'மோகனாங்கி'யைத் தமிழின் முதல் வரலாற்று நாவல் எண்டு சொல்லுகினம். அதைப் பற்றி இண்டைக்கு நாங்கள் பெருமையாக் கதைக்க முடியுதெண்டால், ஆரோ ஒருத்தர் ஒரு பழைய பிரதியை எறியாமல் வைத்திருந்ததால.

"மாரி வந்தால் கறையான் அரிக்கத்தானே போகுது" எண்டு சொல்லுவீங்கள். உண்மை. அதனாலதான் கத்தரிக்கோலுக்கு முதல் போனை எடுங்கோ எண்டு கேட்கிறன். தலைப்பையும் ஆண்டையும் 2005இல் தொடங்கின 'நூலகம்' எண்ணிம நூலகத்தில தேடிப் பாருங்கோ. அங்க ஆண்டு மலர், நினைவு மலர் எல்லாத்துக்கும் இடம் இருக்கு. இல்லாத ஒன்று உங்கட கையில இருந்தால் அவைக்கு அறிவியுங்கோ. குறைந்தது அட்டை, பதிப்புப் பக்கம், உள்ளடக்கம் மூண்டையும் படம் எடுத்து வையுங்கோ. முழுக்க ஸ்கான் பண்ணினாலும் மூலப் பிரதியை வெட்டாதேங்கோ. படம் தெளிவில்லாட்டித் திரும்பிப் பார்க்க அதுதான் இருக்கு.

பேய் செய்யத் தாள் வேணுமெண்டால் பஞ்சமே இல்லை. ரியூசன் நோட்ஸ், பாஸ்ட் பேப்பர், போன செமஸ்டர் போட்டோக்கொப்பி எல்லாம் கட்டுக்கட்டாக் கிடக்கு. ஒரு பேய் வடிவம் வெட்டி அதில ஏ.எல் வினாத்தாள் தெரிஞ்சால், எங்கட வயசுக்காரருக்கு அதைவிடப் பயங்கரம் வேற என்ன? நினைவு மலரை மட்டும் விடுங்கோ. அதில பேர், பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், பிள்ளைகள் எண்டு ஒரு மனுசன் முழுசா இருக்கிறார். வரலாற்றுப் புத்தகம் எதுவும் அவரைப் பற்றி எழுதாது.